வகுப்பறைக்கென்று ஓர் எண்

வகுப்பறைக்குள் ஆசிரியர் செல்போன் கொண்டுபோகலாமா கூடாதா என்ற விவாதம் அடிக்கடி தலைதூக்குகிறது. 2023-இல் ஆந்திர அரசு, ஆசிரியர்கள் வகுப்புக்குள் போகுமுன் போனைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் கதை வேறு. காலையில் எமிஸ் என்னும் கல்வித் தகவல் செயலியில் வருகைப்பதிவை ஏற்றச் சொல்கிறது பள்ளிக் கல்வித் துறை. பத்து மணிக்குப் பார்வைக்கு வரும் அலுவலரோ மேசைமேல் போனைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்.

தடையா, அனுமதியா என்று வாதாடும் நேரத்தில் நாம் கேட்காமல் விடுவது ஒன்று: அந்தப் போன் யாருடையது? பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் கருவி, சிம், ரீசார்ஜ் மூன்றும் ஆசிரியரின் சொந்தச் செலவு. "டீச்சர், பாப்பாவுக்குக் காய்ச்சல், இன்னிக்கு லீவு" என்ற குரல்பதிவு வரும் அதே எண்ணில்தான் இரவு பத்தரைக்கு வீட்டுப்பாடச் சண்டையும் வருகிறது. ஆசிரியை மாறுதலாகிப் போன பிறகும் பழைய பள்ளியின் பெற்றோர் அவரையே அழைக்கிறார்கள். காவல்துறையிலும் மின்வாரியத்திலும் சி.யூ.ஜி. எனப்படும் அலுவலகக் குழு எண் பதவியோடு ஒட்டியது. ஆள் மாறினாலும் எண் மாறாது. வகுப்பாசிரியர் பணிக்கும் அதுவே பொருந்த வேண்டும்.

வகுப்பறைக்கென்று எண் இல்லாத இந்தக் குறை அவசர நேரத்தில் உயிர்ப் பிரச்சினையாகிறது. இரண்டாம் மாடியில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கு வலிப்பு வருகிறது என்று வையுங்கள். போன் தலைமையாசிரியர் அறையில். லீடர் பையன் ஓடுகிறான், மூச்சிரைக்கச் சொல்கிறான், தலைமையாசிரியர் ஆம்புலன்சுக்கு 108-ஐ அழைக்கிறார். நினைவு இருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று மறுமுனையில் கேட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? பேசுகிறவர் குழந்தையின் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு வகுப்பறையிலேயே ஒரு போன் வேண்டும். பள்ளியின் பெயர், ஊர், ஒன்றியம், அருகிலுள்ள அடையாளம் ஆகியவை அந்தப் போனுக்கு மேலே சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இடமாறுதல் கலந்தாய்வில் போன வாரம் வந்து சேர்ந்த ஆசிரியருக்குப் பக்கத்துக் கோயில் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

இன்டர்காம் உள்ள பெரிய பள்ளிகளும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. வெளியே அழைக்க முதலில் 0 அழுத்த வேண்டிய அமைப்பில், பதற்றத்தில் நேராக 108 அழுத்தினால் இணைப்பு கிடைக்காமல் போகலாம். 2013-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், விடுதி அறையில் தாய் தாக்கப்பட்டபோது ஒன்பது வயது மகள் அந்நாட்டின் அவசர எண்ணான 911-ஐத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். முன்னால் ஒரு 9 சேர்க்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. தாய் இறந்துபோனார். முன்னெண் இல்லாமலே 911 கிடைக்க வேண்டும் என்று 2018-இல் அங்கே சட்டம் வந்தது. உங்கள் பள்ளி இன்டர்காமை இயக்கும் இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியை நிறுவியவரை அழைத்து 108, பொது அவசர எண் 112, குழந்தைகள் உதவி எண் 1098 மூன்றையும் நேரடியாகத் திறந்துவிடச் சொல்லுங்கள். மின்சாரம் போனால் அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் கேட்டு வையுங்கள். வைஃபையை நம்பிய ஐ.பி. போன், யு.பி.எஸ். இல்லாவிட்டால் மின்வெட்டில் வெறும் பொம்மை.

ஈராசிரியர் பள்ளிக்கு இன்டர்காம் தேவையில்லை. பள்ளியின் பெயரில் வாங்கிய சிம் போட்ட ஒரு பட்டன் போன் போதும். அதில் விளையாட்டு இல்லை, வாட்ஸ்அப் இல்லை; பார்வைக்கு வருகிறவருக்கும் சந்தேகம் எழாது. இன்னொரு பயனும் உண்டு. குழந்தை ஒன்றுக்குப் பாலியல் கொடுமை நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. சொந்த எண் பதிவாகிவிடுமே என்று தயங்கும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். பள்ளி எண் இருந்தால் அந்தத் தயக்கம் பாதியாகக் குறையும்.

பணம் பெரிய தடையில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மானியம், 30 பேர் வரை படிக்கும் பள்ளிக்கே ஆண்டுக்கு 10,000 ரூபாய். ஆனால் ரீசார்ஜ் ரசீதைத் தணிக்கையில் ஏற்பார்களா என்ற பயத்தில் பல தலைமையாசிரியர்கள் கைக்காசைப் போடுகிறார்கள். பள்ளி எண்ணுக்கான கட்டணத்தை மானியத்தில் எழுதலாம் என்று துறை ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அது வரும்வரை பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, நகலை ரசீதோடு கோப்பில் வையுங்கள்.