பெரிய கப்பல் மட்டும் போதுமா?

கபடிக்கு ஆள் எடுக்கும்போது பெரிய ஆளையே எடுப்பீங்களே, அதே மாதிரி பாய்மரப் போர்க்கப்பல் என்றாலும் எல்லாரும் பிரிட்டனின் 'விக்டரி'யைத்தான் சொல்வார்கள். 1765-இல் மிதக்கவிட்டது, 100 பீரங்கி. பெருசுதான், ஒத்துக்கிறேன். ஆனால் என் ஓட்டு ஃபிரிகேட் என்ற சின்னக் கப்பலுக்கே. (நான் குள்ளம் என்பதால் சொல்லவில்லை.)

பெரியவை வரிசை கட்டி நின்று சுடும். ஃபிரிகேட் வேகமாக முன்னே ஓடி, எதிரி எங்கே என்று பார்த்து வந்து சொல்லும். 1798-இல் நெல்சனின் ஃபிரிகேட்டுகள் புயலில் பிரிந்து போயின. 74 பீரங்கிக் கப்பல் பதிமூன்று கையில் இருந்தும், நெப்போலியனைத் தேடி மத்தியதரைக் கடலில் அலைந்தார். ஜூன் 22 இரவு ரெண்டு படையும் பக்கத்திலேயே கடந்தும் தெரியலையாம்! அலெக்சாண்டிரியாவுக்கு இவரே முதலில் போய், யாரும் இல்லையென்று திரும்பிவிட்டார். ஆகஸ்ட் 1-இல்தான் அபூகீர் விரிகுடாவில் பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடித்தார். அதற்குள் நெப்போலியன் படை எகிப்தில் இறங்கி ஒரு மாசமாச்சு.