பாவம், கார்பரேட்டர் என்ன செய்யும்?

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் கார்பரேட்டரில்தான் வந்து நிற்கும். "வண்டி இழுக்க மாட்டேங்குது சார், கார்பரேட்டரை மூணு தடவை கழட்டி மாட்டியாச்சு" என்ற புலம்பலை இத்தனை வருடத்தில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. இதில் என் கட்சி ஒன்றுதான். பெட்ரோல் போதாமல் நிற்கும் வண்டியில் கார்பரேட்டர் பெரும்பாலும் பட்டினி கிடப்பது. பட்டினி போடுவது வேறு எங்கோ இருக்கும். எய்தவன் இருக்க அம்பை நோகிறோம்.

முதலில் இது பெட்ரோல் கோளாறா, கரண்டு கோளாறா என்று பிரிக்க வேண்டும். காயில், பாயின்ட், கண்டென்சர் பக்கம் தகராறு என்றால் வண்டி பெரும்பாலும் சுவிட்சை அணைத்தது போலப் பட்டென்று நிற்கும். பெட்ரோல் போதாத வண்டி அப்படி நிற்காது. ஐடிலிங்கில் சமர்த்தாக ஓடும். வேகம் பிடிக்கும்போதும் மேடு ஏறும்போதும் தயங்கும், குலுங்கும், மூச்சு வாங்கும், பிறகுதான் நிற்கும். தயங்கும்போது சோக்கை லேசாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் தெம்பு வந்தால் பாதி நோய் தெரிந்துவிட்டது.

ஐந்து நிமிடம் கழித்து செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். பென்ஷன் வாங்கும் நமக்கு இது புரியாத கணக்கல்ல. ஓடும்போது வரவை மிஞ்சிய செலவு. நின்றதும் செலவு நின்றுவிடுகிறது, மறுபடி செல்ஃப் அடிக்கையில் வருகிற கொஞ்சமும் கார்பரேட்டர் கிண்ணத்தில் சேர்ந்துவிடுகிறது. சூடான காயிலும் சில சமயம் இதே நாடகம் ஆடும். அதனால் வண்டி நின்ற உடனே ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கையால் அழுத்தி, கார்பரேட்டர் வாய்க்குள் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டர் பம்ப் உள்ள கார்பரேட்டர் என்றால் பெட்ரோல் மெல்லிய கோடாகப் பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் கிண்ணம் காலி என்று நினைக்க இடம் இருக்கிறது.

அதற்குப் பிறகும் ஸ்பானரை எடுத்துக் கார்பரேட்டர் மேல் பாயக் கூடாது. பத்மினியோ, அம்பாசடரோ, பெருங்களத்தூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, பெட்ரோல் வரும் வழி ஏறத்தாழ ஒன்றுதான்: பின்னால் டேங்க், அடியில் குழாய், எஞ்சின் பக்கவாட்டில் ஏ.சி. பம்ப், அதன் பிறகு கார்பரேட்டர். வரிசையில் கடைசி ஆள் அது. கடைசி ஆளை முதலில் விசாரிப்பது என்ன நியாயம்?

எனக்குத் தெரிந்த ஒருவர் பத்மினி வைத்திருந்தார். ஊருக்குள் ஓடும், மலை ஏறாது. மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லார் தாண்டி, பர்லியார் வருவதற்குள் படுத்துவிடும். கார்பரேட்டரை இரண்டு முறை பிரித்தார்கள். ஜெட் மாற்றினார்கள். கடைசியில் "இது தேறாது, எஞ்சினையே மாத்திடலாம்" என்றும் சொல்லிவிட்டார்கள். அவரும் வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடும் யோசனையில் இருந்தார். ஒரு நாள் நானும் கூடப் போனேன். வழக்கமான இடத்தில் நின்றது. இறங்கிப் போய் பெட்ரோல் மூடியைத் திறக்கச் சொன்னேன். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. யாரோ பெட்ரோல் திருடுகிறார்கள் என்று பூட்டு வைத்த மூடி ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார். அதில் காற்றுத் துளை இல்லை. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று நுழைய வழியில்லாமல், பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் வரத்து இல்லை. பழைய மூடியைப் போட்டதும் வண்டி குன்னூர் போய்ச் சேர்ந்தது. செலவு ஒரு பைசா இல்லை.

எல்லா வண்டிக்கும் மூடிதான் காரணம் என்று சொல்லவில்லை. வரிசையாகப் பாருங்கள் என்கிறேன். மூடிக்கு அடுத்து, டேங்கின் துருவும் கசடும் அடைக்கும் வலை. பிறகு பம்ப் வரைக்குமான ரப்பர் ஓஸ். அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம் என்பதால் ஓஸில் சிறு வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாத திருடன் அது. அடுத்தது பம்ப். எஞ்சின் ஆறிய பிறகு, காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடித்தால், விட்டு விட்டு ஒரே சீராகப் பீய்ச்ச வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது; கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். ஆயில் கம்பியையும் இழுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது. வண்டியை நகர்த்தக் கூடாது. சித்திரை வெயிலில் மட்டும் தொந்தரவு என்றால் பம்பின் மேல் ஈரத் துணி போட்டுப் பார்க்கலாம். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைப்பது தெரிந்துவிடும்.

பாட்டிலில் பெட்ரோல் சீராக வந்த பிறகுதான் கார்பரேட்டரின் முறை. அதிலும் முதலில் நுழைவாயில் வலை, நீடில் வால்வு, ஃப்ளோட், பிறகு ஜெட்.

இது இன்று முன்னைவிட முக்கியம். 2023 முதல் படிப்படியாக நமக்குக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஓஸும் டயாஃப்ரமும் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறும், தளரும், வெடிக்கும். டேங்கில் வருடக்கணக்காகப் படிந்திருந்த கசடையும் எத்தனால் கிளப்பிவிடும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கோளாறு பெரும்பாலும் பாதையில்தான் வரப்போகிறது, கார்பரேட்டரில் அல்ல. ஓஸ் கசிந்தால் அது இழுவைக் குறையோடு நிற்காது; சூடான எஞ்சின் மேல் தீயாகவும் முடியலாம்.

இதற்கெல்லாம் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. நாம் சாமானுக்குக் காசு கொடுப்போம், யோசனைக்குக் கொடுக்க மாட்டோம். ஒருவர் அரை மணி நேரம் பொறுமையாகத் தேடி, மூடிதான் காரணம் என்று கண்டுபிடித்தால், "மூடியைத் திறந்ததுக்கா ஐநூறு ரூபாய்?" என்று கேட்போம். அதே ஆள் கார்பரேட்டரை மாற்றிவிட்டு ஐயாயிரம் கேட்டால் வாயைத் திறக்காமல் எண்ணி வைப்போம். பிறகு அவர் ஏன் தேடப் போகிறார்? டாக்டர் மருந்தே எழுதாமல் "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்றாலும் ஃபீஸ் வைத்துவிட்டு வருகிறோம் அல்லவா? அந்த மரியாதை மெக்கானிக்கின் மூளைக்கும் உண்டு.

இந்த வண்டிகளைக் கேட்டும் முகர்ந்தும் தொட்டும் நோய் சொல்லத் தெரிந்தவர்கள் நாளுக்கு நாள் குறைகிறார்கள். மிச்சம் இருப்பவர்களை நாம்தான் காப்பாற்ற வேண்டும். அடுத்த முறை வண்டி மேட்டில் முக்கினால், "என்ன மாத்தணும்?" என்று கேட்காதீர்கள். "பெட்ரோல் எதுவரைக்கும் வருது?" என்று கேளுங்கள். பதில் சொன்னவருக்குப் பணத்தையும் கொடுங்கள்.