அந்த அறிக்கையை வெளியிடுங்கள், ஐயா

இஸ்ரோ தலைவரும் விண்வெளித் துறைச் செயலருமான முனைவர் வி. நாராயணன் அவர்களுக்கு,

நிலவுப் பயணம் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று 1963இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய நாள்தொட்டே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சந்திரயான்-3க்கு ஆன செலவு சுமார் 615 கோடி ரூபாய். அது அதிகமா குறைவா என்ற கணக்கை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அது குறைவாகவே படுகிறது.

என் கோரிக்கை ஒன்றுதான். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் நிலவில் போய் மோதியது ஏன் என்று ஆராய்ந்த நிபுணர் குழுவின் அறிக்கையைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடுங்கள். நீங்கள் இன்று தலைவர் என்பதற்காக மட்டும் உங்களிடம் கேட்கவில்லை. அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவரே நீங்கள்தான். அந்த விவரம் உங்களைப் பற்றிய அதிகாரபூர்வக் குறிப்பிலேயே இருக்கிறது. எழுதியவரும் நீங்களே, வெளியிட அதிகாரம் உள்ளவரும் நீங்களே என்று ஆகிவிட்ட நிலையில், இதற்காக வேறு எந்தக் கதவைப் போய்த் தட்டுவது?

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிரிவில் பாடம் நடத்துகிறவன். நீங்களும் டி.எம்.இ. என்கிற மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, பிறகு ஏ.எம்.ஐ.இ. முடித்து, அங்கிருந்து கரக்பூர் ஐ.ஐ.டி.க்குப் போனவர் என்பதை ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அவர்களுக்கு நான் வைக்கும் மிகச் சிறந்த பாடம் உங்கள் நிறுவனத்தின் வெற்றிகளிலிருந்து எடுத்தது இல்லை. 2006 ஜூலை 10 அன்று வங்காள விரிகுடாவில் விழுந்த ஜி.எஸ்.எல்.வி.-எஃப்02இலிருந்து எடுத்தது.

அந்த ராக்கெட்டின் நான்கு பக்கவாட்டு எஞ்சின்களில் ஒன்று, கிளம்பிய 0.2 வினாடியிலேயே உந்துவிசையை இழந்தது. இன்சாட்-4சி செயற்கைக்கோளோடு ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துபோனது. காரணத்தை ஆராய்ந்த குழு தான் கண்டதை அந்த ஆண்டே வெளியே சொன்னது. எஞ்சினுக்குள் போகும் எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் ஒரு ரெகுலேட்டர், மூடிய நிலையிலும் விடவேண்டிய அளவைவிட மிக அதிகமாகத் திரவத்தை விட்டிருக்கிறது. அதனால் கேஸ் ஜெனரேட்டரில் அழுத்தம் எகிறி, அது உடைந்திருக்கிறது. அந்த ரெகுலேட்டர் ஏன் அப்படி இருந்தது? தயாரிப்பின்போது கவனக்குறைவாக நேர்ந்த பிழையாக இருக்கலாம், அடுத்தடுத்த பரிசோதனைகளிலும் அது சிக்காமல் தப்பிவிட்டது என்று சொல்லி முடிகிறது அந்த விளக்கம்.

லேத்தில் கடைந்த புஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, ‘கோ’ கேஜ் உள்ளே போகிறது, போகவே கூடாத ‘நோ-கோ’ கேஜும் கொஞ்சம் இடித்துக்கொண்டு உள்ளே போகிறது, ‘பரவாயில்ல சார், ஓடிரும்’ என்கிற பையனிடம் இந்த 0.2 வினாடியைத்தான் நான் சொல்கிறேன். ‘இத்தனை பேர் செக் பண்ணியும் எப்படி சார் தப்பிச்சுது?’ என்று கேட்பான். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைய வகுப்பு நல்ல வகுப்பு. அளவீடு, டாலரன்ஸ், ஆய்வு முறை என்று பாடப்புத்தகத்தில் 40 பக்கம் இருக்கிறது. அதைப் படித்து எவனும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

உங்கள் நிறுவனத்துக்கு இந்த நல்ல பழக்கம் இருந்தது. 2010 கிறிஸ்துமஸ் நாளில் ஜி.எஸ்.எல்.வி.-எஃப்06 சிதறியபோது, கணினியிலிருந்து கட்டளை கொண்டுபோகும் கனெக்டர்கள் பிடுங்கிக்கொண்டதுதான் காரணம் என்று சொன்னீர்கள். 2021 ஆகஸ்டில் எஃப்10 தோற்றபோது, ஹைட்ரஜன் தொட்டியின் அழுத்தம் குறைந்ததையும் வால்வுக் கசிவையும் சொன்னீர்கள். 2022இல் முதல் எஸ்.எஸ்.எல்.வி. தவறியபோது கிடைத்த விளக்கம் இன்னும் அருமை. இரண்டாம் நிலை பிரியும்போது ஏற்பட்ட அதிர்வில் முடுக்கமானிகள் ஒரு கணம் திக்குமுக்காடின. உடனே ராக்கெட்டின் கணினி ‘சென்சார்கள் கெட்டுவிட்டன’ என்று முடிவுகட்டியது. சென்சார்கள் நன்றாகத்தான் இருந்தன. அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஆறு மாதத்தில் அடுத்த எஸ்.எஸ்.எல்.வி.யை வெற்றிகரமாக ஏவினீர்கள். யாரும் உங்களைக் கேலி செய்யவில்லை.

நிலவு என்று வந்தால் மட்டும் வாய் கட்டிக்கொள்கிறது. சந்திரயான்-1 காலத்திலேயே இதைப் பார்த்தோம். 2009 மே மாதம் அந்த விண்கலத்தின் சுற்றுப்பாதையை 100 கிலோமீட்டரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு உயர்த்தியபோது, அகலமான பரப்பைப் படமெடுக்கவும் ஈர்ப்பு விசையை ஆராயவும் என்றார்கள். திசை காட்டும் நட்சத்திர உணரி ஏற்கெனவே செயலிழந்திருந்தது என்பது ஜூலையில்தான் தெரிந்தது. ஆகஸ்ட் இறுதியில் தொடர்பே அறுந்துபோனது. நிலவில் நீரின் தடயத்தை உறுதிசெய்ய உதவிய விண்கலம் அது. அதன் புகழுக்கு உணரி பழுதானதால் ஒரு குறைவும் வந்திருக்காது.

சந்திரயான்-2இல் நிலைமை இன்னும் மோசம். விக்ரமின் தொடர்பு அறுந்த அன்றே, திட்டத்தின் நோக்கங்களில் 90 முதல் 95 சதவீதம் நிறைவேறிவிட்டது என்று அறிக்கை வந்தது. நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த ஆர்பிட்டரை வைத்துப் போட்ட கணக்கு அது. ஆர்பிட்டர் நன்றாக உழைத்ததும் உண்மைதான். ஆனாலும் அந்த இரவில் கண்விழித்துத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தச் சதவீதம் கசந்தது. பிரதமரின் தோளில் சாய்ந்து அன்றைய தலைவர் கே. சிவன் அழுததை நாடு முழுக்கப் பார்த்தது. அந்த அழுகைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கு நவம்பரில் மக்களவையில் சில வரிகள் கிடைத்தன. முதல் கட்டத்தில் வினாடிக்கு 1,683 மீட்டராக இருந்த வேகம் 146 மீட்டராகக் குறைந்தது, இரண்டாம் கட்டத்தில் வேகக் குறைப்பு திட்டமிட்ட அளவைவிட அதிகமாகிவிட்டது, குறித்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் கலம் மோதி விழுந்தது. அவ்வளவுதான்.

அது விழுந்த இடத்தைக் கண்டுபிடித்த கதை உங்களுக்குத் தெரியாததில்லை. சில நாட்களிலேயே ஆர்பிட்டர் லேண்டரைக் கண்டுவிட்டது என்று இஸ்ரோ சொன்னது, படத்தைக் காட்டவில்லை. நாசா, நிலவைச் சுற்றிவரும் தன் எல்.ஆர்.ஓ. கலம் எடுத்த படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி போட்டு வைத்தது. சென்னையில் ஒரு பொறியாளர் தன் கணினியில் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டு, புதிதாகத் தெரிந்த ஒரு வெண்புள்ளியைப் பிடித்து நாசாவுக்கு எழுதினார். அவர்களும் சரிபார்த்து, டிசம்பரில் அவருக்கு உரிய பெருமையைக் கொடுத்து அறிவித்தார்கள். நம் கிணற்றில் விழுந்த வாளியை அடுத்த வீட்டுப் பாதாளக்கரண்டி வாங்கித் தூக்கிய கதைதான் இது.

தரையிறக்கத்தில் உண்மையில் என்ன நடந்தது என்பதை ஓரளவுக்கு விளக்கமாக நாங்கள் கேட்டது நான்கு ஆண்டு கழித்து, 2023 ஜூலையில், சந்திரயான்-3 கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு. உங்களுக்கு முன் தலைவராக இருந்த எஸ். சோமநாத் சொன்னார். விக்ரமின் ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்தன. கீழே படமெடுப்பதற்காகக் கலம் ஒரே நிலையில் நின்றாக வேண்டிய கட்டத்தில், அந்தச் சிறுசிறு பிழைகளைத் திருத்திக்கொள்ள வழியில்லாமல் அவை சேர்ந்துகொண்டே போயின. பிறகு ஒரேயடியாகத் திருத்தப் பார்த்தால், வேகமாகத் திரும்ப மென்பொருள் விடவில்லை. போதாக்குறைக்கு, இறங்க வேண்டிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர். தரையை நெருங்கிவிட்ட நேரத்தில் அந்த இடத்தை எட்டிப்பிடிக்க வேகத்தைக் கூட்டிக்கொண்டு ஓடியது கலம்.

இதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. எஞ்சின் சரியாக எரியாமல் தோற்ற ராக்கெட்டுகளைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறோம். இங்கே எஞ்சின் தேவைக்கு அதிகமாக உழைத்துத் தோற்றிருக்கிறது. சந்திரயான்-3இல் ஐந்து எஞ்சின் நான்காகி, இறங்குமிடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரிந்து, கால்கள் வலுவாகி, வேகத்தை அளக்கும் லேசர் கருவி புதிதாகச் சேர்ந்து, எரிபொருளும் கூடியதற்கு இதுதானே காரணம். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்கு நாடே கைதட்டிய தரையிறக்கத்தின் வேர் உங்கள் குழுவின் அறிக்கையில் இருக்கிறது. அந்த அறிக்கையை நாங்கள் இன்னும் படித்ததில்லை. ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில் சொன்ன பத்து வாக்கியங்களை வைத்துக்கொண்டுதான் வகுப்பில் சமாளிக்கிறேன்.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? அதே 2023இல், நமக்கு நான்கு நாள் முன்பு லூனா-25 நிலவில் விழுந்து நொறுங்கியது. ஒளிவுமறைவுக்குப் பேர்போன ரஷ்யாவே அக்டோபரில் காரணத்தைச் சொல்லிவிட்டது: 84 வினாடி எரிய வேண்டிய எஞ்சின் 127 வினாடி எரிந்தது, முடுக்கமானியை இயக்கும் கட்டளை உரிய நேரத்தில் போகவில்லை. ஜப்பானின் ஐஸ்பேஸ் தனியார் நிறுவனம். பங்குச் சந்தையில் விலை விழும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. 2023 ஏப்ரலில் அவர்களுடைய லேண்டர் விழுந்தது. பள்ளத்தின் விளிம்பைக் கடந்தபோது உயரமானி காட்டிய உண்மையான எண்ணை மென்பொருள் நம்ப மறுத்துவிட்டது என்று அடுத்த மாதமே சொன்னார்கள்.

நீங்கள் என்ன பதில் சொல்லக்கூடும் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். ராக்கெட் தொழில்நுட்பமும் ஏவுகணைத் தொழில்நுட்பமும் உடன்பிறப்புகள், எல்லாவற்றையும் கடை பரப்ப முடியாது என்பீர்கள். 1993இல் அமெரிக்க நெருக்கடிக்குப் பணிந்து ரஷ்யா கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தைத் தர மறுத்தபோது அதன் வலியை நேரில் பட்டவர்கள் உங்கள் தலைமுறைக்காரர்கள். கைக்காசைப் போட்டுக் கற்றதை இலவசமாகக் கொடுக்க மனம் வராதுதான். வரைபடத்தையோ மென்பொருளின் நிரல் வரிகளையோ நான் கேட்கவில்லை. 2006இல் ரெகுலேட்டரைப் பற்றிச் சொன்னீர்கள், அதை வைத்துக்கொண்டு யாரும் அந்த ராக்கெட்டின் விகாஸ் எஞ்சினைச் செய்துவிடவில்லை. சந்திரயான்-2இன் திருத்தங்கள் எல்லாம் சந்திரயான்-3இல் பறந்து நிரூபணமும் ஆகிவிட்டன. இனி அந்த அறிக்கையில் காக்க வேண்டிய இரகசியம் என்ன மிச்சம் என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது ஏன் கேட்கிறேன் என்றால், நிலவு மட்டும் அல்ல, தினசரிப் பிழைப்பான பி.எஸ்.எல்.வி.யும் இப்போது மௌனத்துக்குள் போய்விட்டது. 2025 மே 18 அன்று சி61 மூன்றாம் நிலையில் தவறி, இ.ஓ.எஸ்.-09 செயற்கைக்கோள் போனது. அந்த ஆய்வறிக்கை வெளியே வருவதற்குள் 2026 ஜனவரி 12 அன்று சி62 ஏவப்பட்டது. அதுவும் மூன்றாம் நிலையில்தான் தடுமாறி, ஏற்றிப்போன செயற்கைக்கோள்களை இழந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றா வேறா என்று எனக்குத் தெரியாது. முதல் அறிக்கை வெளியே வந்து, வெளியாட்களும் நாலு கேள்வி கேட்டிருந்தால் இரண்டாவது தப்பித்திருக்கும் என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். கேட்கவே வாய்ப்பில்லாமல் போனது என்பதுதான் என் வருத்தம்.

இந்த மௌனம் இனி உங்கள் வளாகத்தோடு நிற்காது. பி.எஸ்.எல்.வி.யை ஹெச்.ஏ.எல்., எல் அண்ட் டி கூட்டணி கட்டத் தொடங்கிவிட்டது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் பிறந்த அக்னிகுல் 2024இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே தன் சோதனை ராக்கெட்டை ஏவியது. குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் எழும்பினால் எங்கள் பையன்களில் சிலர் வால்வு பூட்டவும் கனெக்டர் சொருகவும் அங்கேதான் வேலைக்குப் போவார்கள். இஸ்ரோவின் தோல்விகள் இஸ்ரோ ஊழியர்களின் நினைவில் மட்டும் தங்கினால், வெளியே இருப்பவர்கள் அதே பள்ளத்தில் தங்கள் காசில் விழுந்து எழ வேண்டியதுதான்.

சந்திரயான்-4க்கு அமைச்சரவை 2024 செப்டம்பரில் 2,104 கோடி ரூபாய் ஒதுக்கியது. இரண்டு எல்.வி.எம்.3 ராக்கெட்டுகள், ஐந்து தனித்தனிக் கலங்கள். பூமியைச் சுற்றும்போது இணைப்பு, நிலவில் இறங்கி மண் அள்ளுதல், அங்கிருந்து கிளம்பி நிலவைச் சுற்றும்போது மறுபடி இணைப்பு, கடைசியில் பூமியின் காற்றுமண்டலத்துக்குள் எரியாமல் நுழைதல். 2025 ஜனவரியில் ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டும் விண்வெளியில் இணைந்ததைப் பார்த்த பிறகு எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனாலும் தவறுவதற்கு இத்தனை இடம் உள்ள பயணம் இதற்கு முன் நீங்கள் போனதில்லை. 2040க்குள் நிலவில் இந்தியர் ஒருவரை நிறுத்தப்போகிறோம் என்கிறீர்கள். அந்தக் கலத்தில் உட்காரப்போகிறவரின் வீட்டாருக்குச் சதவீதத்தில் பதில் சொல்ல முடியாது.

ஆகவே, ஏதாவது தவறினால் ஆறு மாதத்துக்குள் காரணத்தின் சுருக்கம் இணையதளத்தில் வரும் என்று இப்போதே ஒரு விதியாக எழுதி வைத்துவிடுங்கள். சி61, சி62 இரண்டையும் அதே கணக்கில் சேருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் கையெழுத்துள்ள சந்திரயான்-2 அறிக்கையைப் போடுங்கள். சொல்லக்கூடாத வரிகளைக் கறுப்பு மையால் அடித்துவிட்டே போடுங்கள், பாதகமில்லை. தமிழ்வழியில் பள்ளிப் படிப்பு முடித்த உங்களிடம் தமிழிலும் வேண்டும் என்று கேட்க ஆசைதான். ஆங்கிலத்தில் வந்தால் போதும். மொழிபெயர்ப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நான்காம் பருவத்தில் அளவீட்டுப் பாடத்துக்கு நான் ஒதுக்கியிருக்கும் வகுப்புகளில் மூன்றை அதற்கென்றே எடுத்து வைத்திருக்கிறேன்.

மரியாதையுடன்,
பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர்