பூட்டு யாருக்கு? சாவி யாரிடம்?

"அவன் சரியான கேடி" என்று ஊரில் திட்டுகிறோம். இந்தச் சொல் எந்த வயலிலும் விளைந்ததல்ல. போலீஸ் ஸ்டேஷன் ஏட்டில் விளைந்தது. பேர்போன கொள்ளைக்காரன் என்று பொருள்படும் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து, வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ் இலாகா இட்ட குறி அது. ஏட்டில் இட்ட குறி ஸ்டேஷன் சுவரைத் தாண்டி டீக்கடைக்கு வந்தது. வசைச்சொல்லாகவே நிலைத்தும் விட்டது.

ஏடு இரகசியம் என்றார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்தது. ஆனால் யாருடைய பெயர் அதில் ஏறியதோ, அவனுக்கு மட்டும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டமாட்டார்கள். இது என்ன நியாயம்? இதைத்தான் இந்த வாரம் நாம் யோசிக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். போலீஸ் தகவல் சேகரிக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கள்ளச்சாராயத்தால் தாலி அறுப்பவள் கூலிக்காரன் மனைவிதான். கந்துவட்டிக்காரனின் அடியாள் உதைப்பது நம் வீட்டுக் கதவைத்தான். சாராயம் காய்ச்சுகிறவனைப் பற்றி ஒரு கூலிப் பெண் துணிந்து துப்புச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் அவள் பெயர் சாராயக்காரன் காதுக்குப் போனால் அவள் கதி என்ன? குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி போலீஸ் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 125-வது பிரிவு சொன்னது. 2023-ல் வந்த புதிய சட்டமும் அதை அப்படியே வைத்திருக்கிறது. அது நல்ல ஏற்பாடுதான். அந்தப் பூட்டு வேண்டும். இன்னும் கெட்டியாகவே வேண்டும்.

ஆனால் இன்றுள்ள பூட்டு துப்புச் சொன்னவளைக் காக்கிறதா? இல்லை, ஏட்டில் தப்பாக எழுதியவரைக் காக்கிறதா? கேள்வி இதுதான்.

இந்த ஏடு எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 1871-ல் வெள்ளைக்கார சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. தனி மனிதன் செய்த குற்றத்துக்காக அல்ல, பிறந்த சாதிக்காகவே மக்களை ஏட்டில் ஏற்றியது. 1911-ல் அதைத் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும் விரித்தார்கள். மதுரைச் சீமையில் அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் ரேகைச் சட்டம். கைரேகை வைக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றார்கள். சர்க்கார் துப்பாக்கியால் பதில் சொன்னது. 16 பேர் மாண்டார்கள். அதில் ஒரு பெண்ணும் உண்டு. தேசம் முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது 1952-ல்தான். சட்டம் ஒழிந்தது, ஏடு ஒழிந்ததா?

உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர். 1941-ல் ஒரு கொள்ளை வழக்கில் போலீஸ் அவரைப் பிடித்தது. சாட்சியம் எதுவும் இல்லை என்று விட்டுவிட்டது. விட்ட கையோடு அவர் பெயரில் ஒரு சரித்திரப் பதிவேடு திறந்தது! ராத்திரி வேளையில் சவுக்கிதாரும் கான்ஸ்டபிளும் வந்து கதவைத் தட்டுகிறார்கள், கூச்சல் போட்டு எழுப்புகிறார்கள், ஊரை விட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போ என்கிறார்கள் என்று அவர் சுப்ரீம் கோர்ட்டில் முறையிட்டார். 1962 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ராத்திரியில் வீடு புகுவது செல்லாது என்று கோர்ட் சொன்னது. மற்றக் கண்காணிப்பெல்லாம் செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் விட்டுவிட்டார்கள். அந்தரங்கம் என்று ஓர் உரிமையே அரசியல் சட்டத்தில் இல்லை என்றும் சொன்னார்கள். அந்த வாசகம் தப்பு என்று ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து சொல்ல 2017 ஆகஸ்ட் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. 55 வருஷம்!

ராஜா மகாராஜாவுக்குச் சரித்திரம் எழுதப் புலவர் இருந்தார். ஏழைக்குச் சரித்திரம் எழுத ஸ்டேஷன் ரைட்டர் இருக்கிறார்!

பஞ்சாப் போலீசின் கண்காணிப்பு ஏடு 1980-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. மாலக் சிங் வழக்கு அது. ஏடு இரகசியமானது, பெயரை ஏற்றுமுன் அந்த ஆளைக் கேட்க வேண்டியதில்லை என்று கோர்ட் சொன்னது. ஆனால் கூடவே, நியாயமான காரணமில்லாமல் யந்திரம் போலப் பெயர்களை ஏற்றக்கூடாது, கண்காணிப்பு மனிதனின் மானத்தைக் கெடுக்கும்படி இருக்கக்கூடாது என்றும் எச்சரித்தது. நல்ல வார்த்தைதான். ஆனால் காரணம் நியாயமானதா என்று பார்ப்பது யார்? எழுதிய இலாகாவே. வேலியும் அதுவே, பயிரும் அதுவே.

நம் வாழ்க்கையில் இது எப்படி வந்து விழும்? ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ஆலை வாசலில் தகராறு. நிர்வாகம் பத்துப் பேர் மேல் புகார் கொடுக்கிறது. இரண்டு மூன்று வழக்கு ஆகிறது. இன்னின்னார் கலகக்காரர் என்று ஏட்டில் ஏறுகிறது. நாலு வருஷம் கழித்துக் கோர்ட் விடுதலை செய்கிறது. ஏடு விடுதலை செய்கிறதா? மகன் வேலைக்கு மனுப்போடுகிறான். போலீஸ் விசாரணை வருகிறது. "அப்பன் பேர் லிஸ்டில் இருக்கிறது" என்று ஒரு வாய்வார்த்தை போதும். அதே தகவல் முதலாளியின் மானேஜர் காதுக்கோ, பண்ணையாரின் காரியஸ்தன் காதுக்கோ போகாது என்று யார் ஜாமீன் நிற்பார்கள்? ஏழையின் கண்ணுக்கு இரும்புக் கதவு. பணக்காரன் காதுக்குக் கொல்லைப்புற வாசல். இரகசியம் என்றால் இதுவா?

டில்லி சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஒருவரின் பெயரில் போலீஸ் சரித்திரப் பதிவேடு திறந்தது. அதில் அவருடைய சின்னப் பிள்ளைகளைப் பற்றிய விவரமும் இருந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. சிறுவர் விவரங்களை எழுதக்கூடாது, இது இலாகாவின் உள் ஏடு, பொதுவில் வரக்கூடாது என்று டில்லி போலீஸ் தன் விதியைத் திருத்த வேண்டி வந்தது. 2024 மே மாதத் தீர்ப்பில் கோர்ட் இன்னும் ஒருபடி மேலே போனது. பின்தங்கிய மக்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்பதற்காகவே ஒரு பாவமும் அறியாதவர் பெயரை ஏட்டில் ஏற்றக்கூடாது. எல்லா மாநிலங்களும் தங்கள் விதிகளைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆக, இப்படியெல்லாம் நடக்கிறது என்று நாம் சொல்வது கட்டுக்கதையல்ல. சட்டமன்ற உறுப்பினருக்கு டில்லியில் வக்கீல் கிடைத்தார். களையெடுக்கும் கைக்கு யார் கிடைப்பார்?

இப்போது ஏடு காகிதத்தில் இல்லை, கம்ப்யூட்டரில் இருக்கிறது. 2022-ம் வருஷத்துச் சட்டப்படி கைதானவரின் கைரேகை, கால்தடம், போட்டோ, கண்விழிப் பதிவு, ரத்த மாதிரி வரையில் எடுக்கலாம். 75 வருஷம் வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால் அழிக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கோர்ட் அல்லது மாஜிஸ்திரேட் காரணம் எழுதி, வேண்டாம் என்று சொன்னால் அழிக்க வேண்டியதில்லை. அழித்தார்களா என்று இரவு ஷிப்டு முடித்து வரும் தொழிலாளி எந்த ஆபீஸ் படியேறிக் கேட்பார்?

அவ்வளவு சேர்த்துவைத்ததைக் காபந்தாவது செய்கிறார்களா? 2024 மே மாதத்தில், முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் தமிழ்நாடு போலீசின் கம்ப்யூட்டர் ஏட்டுக்குள் வெளியார் புகுந்துவிட்டனர். நிர்வாகி ஒருவருடைய கணக்கின் கடவுச்சொல் வெளியே போய்விட்டது என்று இலாகாவே சொன்னது. நாம் கேட்டால் இரகசியம். திருடன் வந்தால் திறந்த வீடு!

இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. அமெரிக்காவில் இதற்கு எழுதிய விதி உண்டு. மத்திய சர்க்கார் பணத்தில் நடக்கும் குற்ற உளவு ஏட்டில், நியாயமான சந்தேகம் இருந்தால்தான் பெயர் ஏறலாம். ஒருவனுடைய அரசியலையோ மதத்தையோ பற்றி, குற்றத்தோடு நேர்ச் சம்பந்தம் இல்லாமல் எழுதக்கூடாது. தேவையும் உரிமையும் உள்ளவருக்கே காட்டலாம். யாருக்குக் காட்டினோம் என்று குறித்துவைக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்குள் மறுபடி சோதித்து, தேவையில்லாததைக் களைய வேண்டும். விதி நல்ல விதி. கலிபோர்னியா மாநிலத்தின் ரவுடிக் கும்பல் ஏடு அந்த விதிப்படி நடக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2016-ல் மாநிலத் தணிக்கையாளர் அதைத் திறந்து பார்த்தார். ஒரு வயது கூட ஆகாத குழந்தைகளாகப் பதிவானவர் 42 பேர்! அதில் 28 பேர், தாங்கள் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று "தாமே ஒப்புக்கொண்டார்களாம்"! பால் குடிக்கும் பிள்ளை போலீசிடம் வாக்குமூலம் கொடுத்ததாம்! ஐந்து வருஷத்தில் நீக்க வேண்டிய பெயர்களில் சிலவற்றுக்கு நூறு வருஷத்துக்கு மேல் கெடு போட்டிருந்தார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. விதி எழுதினால் மட்டும் போதாது. வெளியாள் வந்து ஏட்டைத் திறந்து பார்க்க வேண்டும். பார்த்ததால்தான் குழந்தைகள் வெளிப்பட்டார்கள்.

"கண்காணிக்கிறோம் என்று திருடனிடமே சொல்லச் சொல்கிறீர்களா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. நடக்கிற விசாரணையை யாரும் சந்தையில் கடைவிரிக்கச் சொல்லவில்லை. சம்பந்தப்பட்டவருக்குக் காட்டாமலே ஒரு நீதிபதி பார்க்கலாமே! பத்து வருஷத்துக்கு முன் விடுதலையானவனைப் பற்றி இன்னும் என்ன இரகசியம்?

ஆகவே நாம் கேட்பது இவைதான்:

ஒன்று, காரணம் எழுதிக் கையெழுத்திடாமல் எவர் பெயரும் ஏறக்கூடாது. தொழிற்சங்கத்தில் இருப்பதும், கூலி உயர்வு கேட்பதும், சேரியில் பிறந்ததும் காரணமாகாது.

இரண்டு, கெடு வேண்டும். கெடு முடிந்தால், கோர்ட் விடுதலை செய்தால், மனுப்போடாமலே பெயர் நீங்க வேண்டும்.

மூன்று, ஏட்டை யார் திறந்தார், எந்த நாளில், எதற்காக என்று ஒவ்வொரு தடவையும் பதிவாக வேண்டும். முதலாளிக்கோ பண்ணைக்கோ ஒரு வார்த்தை போனாலும் கொடுத்த அதிகாரி பதில் சொல்ல வேண்டும்.

நான்கு, துப்புச் சொன்னவர் பெயர் தனியே, கெட்டியான பூட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஐந்து, இலாகாவைச் சேராத நீதித்துறை அதிகாரி ஒருவர் வருஷந்தோறும் ஏட்டைச் சோதிக்க வேண்டும். எத்தனை பெயர் ஏறியது, எத்தனை நீங்கியது என்ற கணக்கையாவது ஊரறியச் சொல்ல வேண்டும்.

தோழர்களே! உங்களில் யாராவது ஒரு வழக்கில் விடுதலையாகியிருந்தால், தீர்ப்பின் நகலை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். சங்கத்திடமோ வக்கீலிடமோ போய், ஏட்டில் பெயரும் ரேகையும் இன்னும் இருந்தால் நீக்கச் சொல்லி எழுத்தில் மனுக்கொடுங்கள், ரசீது வாங்குங்கள். ஒருவர் கேட்டால் விரட்டுவார்கள். நூறு பேர் ரசீதோடு நின்றால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பூட்டு இருக்கட்டும். அது துப்புச் சொன்ன கூலிப் பெண்ணைக் காக்கட்டும். தப்பாக எழுதிய பேனாவைக் காக்க வேண்டாம்.