கை வரவில்லையா, கருவி சரியில்லையா?

"எனக்குச் சால்டரிங் கை வராது, டீச்சர்." ரோபோட்டிக் கழகத்தில் ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் இப்படிச் சொல்லிவிட்டு, நிரல் எழுதும் பக்கம் ஒதுங்கிவிடுகிறார். நிரல் எழுதுவது நல்ல வேலைதான். ஒதுங்குவதற்கு அவர் சொல்லும் காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய கையைக் குறை சொல்லும் முன், அந்தக் கையில் நாம் என்ன கருவியைக் கொடுத்தோம் என்று பார்க்க வேண்டும். பல பள்ளிகளில் அது இருபது ரிங்கிட்டுக்குள் கிடைக்கும், நேராக மின்சாரத்தில் செருகும் பேனா வடிவ சால்டரிங் அயர்ன். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை.

இதில் என்ன சிக்கல்? 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்த ஈயக்கம்பி 183 டிகிரி செல்சியசில் உருகும். காரீயம் கலக்காத வகைகளுக்கு ஏறக்குறைய 217 டிகிரிக்கு மேல் வேண்டும். கம்பி உருகினால் மட்டும் போதாது. பாகத்தின் காலும் பலகையின் செப்புத் தடமும் அதே அளவுக்குச் சூடேற வேண்டும். அதனால்தான் முனையை 320 முதல் 350 டிகிரிவரை வைத்து, இரண்டு மூன்று விநாடிகளில் ஓர் இணைப்பை முடிக்கிறோம்.

கட்டுப்பாடில்லாத அயர்ன் சும்மா இருக்கும்போதும் சூடேறிக்கொண்டே போகும். உள்ளே வரும் வெப்பமும் காற்றில் இழக்கும் வெப்பமும் சமமாகும்போதுதான் நிற்கும். அதற்குள் 400 டிகிரியைத் தாண்டிவிடலாம். முனை ஆக்சிஜனோடு சேர்ந்து கறுத்துப்போகும். கறுத்த முனையில் ஈயம் ஒட்டாது, முத்து முத்தாக உருண்டு விழும். மாணவர் என்ன செய்வார்? இன்னும் அழுத்துவார், இன்னும் நேரம் வைத்திருப்பார். பலகையோடு செப்புத் தடத்தை ஒட்டியிருக்கும் பசை விட்டுவிடும், தடம் பெயர்ந்து வரும். அதே அயர்னை அகலமான செப்புப் பரப்பில் வைத்தாலோ, சூடு முழுவதையும் செம்பு இழுத்துக்கொள்ளும், முனை குளிர்ந்துவிடும். குளிர்ந்தது அயர்னுக்குத் தெரியாது, கூடுதல் வெப்பம் அனுப்பவும் முடியாது. தேவையில்லாதபோது அதிகச் சூடு, தேவையானபோது பற்றாக்குறை. இப்படிப்பட்ட கருவியைப் பிடித்துக்கொண்டு பழகும் பிள்ளை தன் கையை நொந்துகொள்வதில் வியப்பில்லை.

கட்டுப்பாடு என்பது புதிய அதிசயமும் இல்லை. வீட்டில் சுவிட்சைக் கீழே அழுத்தும் ரைஸ் குக்கர் இருந்தால், அதன் அடியில் ஒரு காந்தம் இருக்கும். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காந்தப் பிடி தளர்ந்து, 'டக்' என்று சுவிட்ச் மேலே வரும். ஒரு பொருள் தன் காந்தத்தன்மையை இழக்கும் அந்த வெப்பநிலைக்குப் பிரெஞ்சு இயற்பியலாளர் பியேர் கியூரியின் பெயரால் கியூரி வெப்பநிலை என்று பெயர். வெல்லர் நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே இதே தத்துவத்தைச் சால்டரிங் முனையில் வைத்தது. முனையின் பின்புறத்தில் 7 என்ற எண் இருந்தால் 700 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 370 டிகிரி செல்சியசில் கட்டுப்பாடு என்று பொருள். முனையை மாற்றினால் வெப்பநிலை மாறும். திரையும் கிடையாது, பொத்தானும் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்புகளில் இதுவும் ஒன்று.

இன்றைய ஸ்டேஷன்களில் அந்த வேலையை வெப்ப உணரியும் ஒரு மின்சுற்றும் செய்கின்றன. ஆனால் கடையில் நம் கண்ணில் முதலில் படுவது வாட் எண். வாட் அதிகமானால் சூடும் அதிகம் என்று நினைத்துவிடுகிறோம். கழிப்பறைத் தொட்டியை நினைத்துப் பாருங்கள். குழாய் பெரிதானாலும் சிறிதானாலும் மிதவை ஒரே மட்டத்தில்தான் நீரை நிறுத்தும். குழாய் பெரிதாக இருந்தால் காலியான தொட்டி சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான். 65 வாட் ஸ்டேஷனும் அப்படித்தான். செம்பு இழுத்துக்கொண்ட வெப்பத்தை அது விரைவாக ஈடுகட்டும், ஆனால் 350 என்று வைத்தால் அதற்கு மேல் ஓடாது.

அடுத்து நம்மை ஏமாற்றுவது திரையில் தெரியும் எண். அது உணரி இருக்கும் இடத்தின் வெப்பநிலை. முனையின் வெப்பநிலை அதுவாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஜப்பானின் ஹக்கோ நிறுவனத்தின் 936 மாடலையும் அதைப் பார்த்துச் செய்த எண்ணற்ற நகல்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். பீங்கான் சூடேற்றியின் உள்ளே உணரி இருக்கும். அதன்மேல் முனை ஓர் உறைபோலச் செருகப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய காற்றிடைவெளி. காற்று வெப்பத்தை எவ்வளவு மோசமாகக் கடத்தும் என்று படித்திருப்பீர்கள். திரை 350 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே முனை நன்றாகக் குளிர்ந்திருக்கலாம். அதே ஹக்கோவின் டி12 வகையில் சூடேற்றி, உணரி, முனை மூன்றும் ஒரே துண்டு. உணரி முனையை ஒட்டியே இருப்பதால் சில விநாடிகளிலேயே ஈடுகட்டிவிடுகிறது. முனையை மாற்றும்போது சூடேற்றியையும் சேர்த்தே வாங்க வேண்டும், அதனால் விலை கூடும். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

வீட்டில் தனியாகப் பழகும் மாணவருக்கு, யுஎஸ்பி-சி மூலம் இயங்கும் கையடக்க அயர்ன்கள் நல்ல தேர்வு. பைன்சில் என்பதன் அறிவிக்கப்பட்ட விலை சுமார் 26 அமெரிக்க டாலர். அதிலும் ஒரே துண்டு முனைதான். ஆனால் எந்த அடாப்டரில் செருகுகிறோம் என்பது முக்கியம். முனையின் மின்தடை 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். திறன் என்பது மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்தால் கிடைப்பது. 12 வோல்ட்டில் 18 வாட், 20 வோல்ட்டில் 50 வாட். பழைய கைப்பேசி சார்ஜரில் செருகிவிட்டு "இது வேலை செய்யவில்லை" என்று திட்டுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

கோலாலம்பூர் ஜாலான் பாசாருக்கோ சிங்கப்பூர் சிம் லிம் டவருக்கோ நேரில் போக முடிந்தால், கைப்பிடியின் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். விறைப்பான பிவிசி கம்பியில் சூடான முனை பட்டால் உறை உருகிவிடும். மலிவான அயர்னில் அந்த உறைக்குள் ஓடுவது 230 வோல்ட். ஸ்டேஷனின் கைப்பிடிக்குப் பெரும்பாலும் 24 வோல்ட்தான் வருகிறது. கம்பி சிலிக்கோனாக இருந்தால் முனை பட்டாலும் எளிதில் உருகாது. பிளக்கில் மூன்று கால் இருக்க வேண்டும், முனைவரை எர்த் வர வேண்டும். இரண்டு கால் பிளக்கைப் பேனா மூடியால் குத்தித் திறந்து செருகும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதைச் சால்டரிங் மேசையில் நான் அனுமதிப்பதில்லை. மாற்று முனைகள் கிடைக்குமா என்றும் கேளுங்கள். பெட்டியோடு வரும் ஊசி முனை பார்க்க நுட்பமாக இருக்கும், ஆனால் தொடும் பரப்பு மிகச் சிறியது. 2.4 மில்லிமீட்டர் உளி முனையில் வெப்பம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று ஒருமுறை பார்த்தவர் ஊசி முனைக்குத் திரும்ப மாட்டார். ஈயம் உருகவில்லையென்றால் எண்ணை 450க்கு ஏற்றாதீர்கள், முனையை மாற்றுங்கள்.

இனிப் பள்ளிக் கழகங்களின் கணக்கு. 200 ரிங்கிட் கிடைத்தால் பத்து மலிவு அயர்ன் வாங்கி எல்லார் கையிலும் ஒன்று கொடுப்பது நியாயமாகத் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் இரண்டு நடுத்தர ஸ்டேஷன்கள் கிடைக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேட்க வேண்டியது அந்தக் கொஞ்சத்தைத்தான். காத்திருக்க வேண்டியிருக்குமே என்பார்கள். இருபது இணைப்புகள் கொண்ட ஒரு சிறு பலகையில் சூடான முனை உண்மையில் தொடும் நேரம் ஒரு நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் பாகங்களைத் தேர்வதும், எல்இடியின் நீண்ட கால் எந்தப் பக்கம் என்று பார்ப்பதும், உருப்பெருக்கியில் சோதிப்பதுமாகவே போகும். வரிசையில் நிற்பவர் அதைச் செய்யலாம். அவர் முறை வரும்போது ஈயம் பளபளவென்று பரவுவதைத் தன் கண்ணாலேயே பார்ப்பார்.

வாங்கிய பிறகு முனையை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். உள்ளே செம்பு, வெளியே மெல்லிய இரும்புப் பூச்சு. பூச்சு போனால் வெள்ளீயம் செம்பைக் கரைத்துத் தின்றுவிடும். பித்தளைச் சுருளில் துடைத்து, அணைக்கும் முன் கொஞ்சம் புது ஈயம் பூசி வையுங்கள். மேலே எழும் புகை காரீயம் அல்ல, ஃபிளக்சில் உள்ள ரோசின் பிசின் எரிவது. அதுவும் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது, ஆகவே சன்னலைத் திறந்து, புகை முகத்துக்கு வராதபடி ஒரு சின்ன விசிறியை வையுங்கள். காரீயம் உடலுக்குள் போகும் வழி விரல்கள்தான். ஓய்வு நேர மணி அடித்ததும் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், நாசி லெமாக் பொட்டலத்தைப் பிறகு பிரிக்கலாம்.