வாதமும் வாய்மையும்

தம் சமயத்தை அறிவாலும் ஆதாரத்தாலும் நிலைநாட்ட முயல்வார்க்கு முதற்கண் வேண்டுவது நாவன்மையன்று, நேர்மையே. எதிராளி கூறாததைக் கூறியதாகக் கொண்டு வெல்லுதல் நிழலோடு மல்லாடுதலேயாம்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் கிறித்து சமயத்தைப் பரப்பவே வந்தவர். தமிழரை நாகரிகமற்றோர் எனக் கருதியிருந்த அவர், தமிழ் நூல்களைக் கற்றபின் அக்கருத்துப் பிழையென எழுதினார். அவரும் உடனூழியர் கிரண்ட்லரும் தமிழரிடம் வினாக்களை விடுத்து, கிறித்தவர் ஒழுக்கத்தைக் கண்டித்த விடைகளையும் மறையாது, ஜெர்மன் மொழியிற் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினர். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த நூலை ஹாலேயார் அச்சிட மறுத்தனர். 1867இலேதான் அது சென்னையில் அச்சேறியது.

இவற்றால் அவர் விசுவாசம் தளர்ந்ததோ? இல்லை. புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியவரும் அவரே. அவர் முடிபுகளை நாம் ஏற்கவேண்டுவதில்லை. முறையை ஏற்றல் வேண்டும்.

பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் அயலயலே விளங்கும் எங்கள் கல்முனைக் கரையில், முஸ்லிம்களாகிய எமக்கும் இப்பாடம் உரியது. பிறர் சமயத்தை அவர் வாய்மொழியாற் கேட்டறிந்த பின்னரே வாதிடுதல் தகும். தன் நெறி மெய்யென நம்புவோன் பிறர் சொல்லை முழுமையாகக் கேட்க அஞ்சான்.