எதிர் வழக்கில் நமக்காக யார் பேசுவது?

மயிலாடும்பாறைப் பக்கத்துக் கிராமங்களில் சாதித் தகராறு என்றதும் நம் நினைவுக்கு வருவது பிசிஆர் வழக்குதான். புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கையும் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பல ஊர்களில் அதே தகராறுக்கு எதிர்த்தரப்பும் ஒரு புகார் கொடுக்கிறது. அதில் நம் பிள்ளைகளின் பெயர்கள் இருக்கும். முதல் வழக்கில் நம் பக்கம் நிற்கும் அரசுத் தரப்பு, இரண்டாவது வழக்கில் நமக்கு எதிரே நிற்கும். அங்கே நமக்காக யார் பேசுவது?

சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமான வரம்பு கிடையாது. காவலில் இருப்பவர் எவரும் இதைப் பெறலாம். குற்றம் சாட்டப்பட்டவர் கேட்காவிட்டாலும் இந்த உரிமையை அவருக்குச் சொல்ல வேண்டியது நீதிமன்றத்தின் கடமை என்று 1986இல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

முன்பு, சொந்த வழக்குகளுக்கு நடுவே நேரம் கிடைத்தபோதுதான் பட்டியல் வழக்கறிஞர்கள் இந்த வேலையைப் பார்த்தார்கள். 2022இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கென்றே முழுநேர வழக்கறிஞர் அலுவலகங்களை மாவட்டந்தோறும் அமைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. தலைமை வழக்கறிஞருக்குக் குற்றவியலில் பத்தாண்டு அனுபவம் வேண்டும். உதவி வழக்கறிஞராகச் சேர, மூன்றாண்டு வரை தொழில் செய்த இளைஞர்களே போதும். ஒப்பந்தம் இரண்டு ஆண்டு. தனி வழக்கு எடுக்கக் கூடாது.

இது நம் மாணவர்களுக்கும் ஒரு வாசல். கூலி வீட்டுப் பிள்ளை சட்டம் படித்துவிட்டு சீனியர் தேடி அலைவதும், சம்பளமில்லாமல் கட்டு சுமப்பதும் நாம் பார்த்ததுதான். அந்த நிலை மெல்ல மாறுகிறது. 2019இல் தேனிக்கு அரசு சட்டக் கல்லூரி வந்தது. பார் கவுன்சில் பதிவுக்குப் பட்டியல் சாதியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூனியருக்கு மாவட்டங்களில் மாதம் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்ற உத்தரவு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. சட்ட உதவி அலுவலகத்திலோ ரிமாண்ட், ஜாமீன், குறுக்கு விசாரணை எல்லாவற்றையும் நேரில் நின்று கற்கலாம்.

ஒப்பந்தம் முடிந்தபின் என்ன என்பதுதான் சிக்கல். சொந்தப் பலகை மாட்டினால் வாடகை, நூல்கள், குமாஸ்தா என்று செலவு நிற்கும். நேற்றுவரை இலவசமாக வந்த கட்சிக்காரரால் இன்று கட்டணம் தர முடியாது. அண்ணல் அம்பேத்கரும் இந்த இடத்தைக் கடந்தவர்தான். 1923இல் பம்பாயில் வழக்கறிஞராகப் பதிய நண்பர் நவல் பத்தேனாவிடம் அவர் பணம் வாங்க வேண்டியிருந்தது. தீண்டாமையால் பெரிய வழக்குகள் அவரிடம் வரவில்லை. எளிய மக்களின் வழக்குகளே அவரைத் தாங்கின. 1926இல் பூனாவில் பிராமணரல்லாத இயக்கத்தினர் மீது போடப்பட்ட அவதூறு வழக்கில் எதிரிகளுக்காக வாதாடி வென்று பெயர் பெற்றார்.

ஆகவே நாம் இரண்டு பக்கமும் பேச வேண்டும். ஒப்பந்தம் முடிந்து வெளியேறும் இளைஞர் அலுவலகம் போட, அரசு கடனோ மானியமோ தர வேண்டும். நம் இயக்கங்களும் ஊர்க் கூட்டங்களும் எதிர் வழக்கு வரும்போது, தெரிந்த பெரிய வக்கீலைத் தேடி நிலத்தை அடகு வைக்காமல், அந்த இளைஞரிடம் நியாயமான கட்டணத்தைச் சேர்ந்து கொடுக்கலாம்.

அதுவரை ஒன்றை மறக்க வேண்டாம். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். பிள்ளையைப் பிடித்துப்போன செய்தி வந்ததும், ஜாமீன்தாரரைத் தேடும் முன்பே 15100 எண்ணுக்கு அழையுங்கள். நடுவர் முன் நிற்கும்போது, "எனக்குச் சட்ட உதவி வழக்கறிஞர் வேண்டும்" என்று பிள்ளை வாய்விட்டுக் கேட்கட்டும். கேட்பது தயவல்ல, உரிமை.